நாற்காலி போன பிறகு மனு எழுதுவது

33 ஆண்டுகள் மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பேரூராட்சியில் கட்டி முடித்து மூன்று ஆண்டுகளாகத் தண்ணீர் ஏறாமல் நிற்கும் மேல்நிலைத் தொட்டியில் தொடங்கி, ஊர்ப் பிரச்சினைகளுக்காக மனு போட வேண்டும், பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்பது ஆசை. இதனால் ஓய்வூதியத்துக்கு ஆபத்து வருமா, எங்கிருந்து தொடங்குவது என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி வருகிறது: "இருந்தபோது ஒரு போன் போட்டால் வேலை நடந்தது, இப்போது நான் சொன்னால் யார் கேட்பார்கள்?" உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. முதல் இரண்டுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. மூன்றாவதற்கு என் அனுபவத்திலிருந்துதான் சொல்ல வேண்டும்.

நான் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் இருந்தவள். நகராட்சி, பேரூராட்சிக் கணக்குகளைப் பார்த்துத் தணிக்கைத் தடை, அதாவது கணக்கில் உள்ள குறையைச் சுட்டும் குறிப்பு, எழுதுவது வேலை. ஓய்வு பெற்று 11 ஆண்டுகள் ஆகின்றன. இந்த 11 ஆண்டுகளில் தகவல் உரிமைச் சட்டப்படி போடும் தகவல் மனுக்கள், குறைதீர்ப்பு மனுக்கள், ஆசிரியருக்குக் கடிதங்கள், கொஞ்சம் நடுப்பக்கக் கட்டுரைகள் என்று ஓடியிருக்கிறது. வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வது படித்தும் பட்டும் தெரிந்துகொண்டது. யாராவது நோட்டீஸ் அனுப்பிவிட்டால் வக்கீலிடம் போங்கள், இந்தப் பதிலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஓய்வூதியத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்தப் பயம் இருக்கும்வரை பேனா ஓடாது. பணியில் இருந்தபோது உங்கள் வாயைக் கட்டியது 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள். அரசை விமர்சிக்கக் கூடாது, அனுமதி இல்லாமல் பத்திரிகையில் எழுதக் கூடாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது பணியில் இருப்பவர்களுக்கானது. ஓய்வு பெற்ற நாளோடு உங்களை விட்டுவிட்டது. இப்போது உங்களுக்குப் பொருந்துவது 1978ஆம் ஆண்டின் ஓய்வூதிய விதிகள். ஓய்வூதியம் எதிர்கால நன்னடத்தைக்கு உட்பட்டது என்று அதில் ஒரு விதி உண்டு. அந்தச் சொல்லைக் காட்டித்தான் பலர் பயமுறுத்துவார்கள். படித்துப் பாருங்கள்: கடுமையான குற்றத்துக்குத் தண்டனை பெற்றாலோ, பெருந்தவறு செய்ததாக முடிவானாலோதான் ஓய்வூதியத்தில் கை வைக்க முடியும். பெருந்தவறு என்பதற்கு அந்த விதியே காட்டும் உதாரணம், அலுவல் ரகசியத்தை வெளியிடுவது. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் அங்கே வருகிறது. தண்ணீர்த் தொட்டி ஏன் ஓடவில்லை என்று கேட்பது அந்தக் கணக்கில் சேராது. மத்திய அரசில் 2021இல் வந்த திருத்தத்தைச் சிலர் சொல்வார்கள். உளவு, பாதுகாப்பு சார்ந்த அமைப்புகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் முன் அனுமதி இல்லாமல் தங்கள் துறை பற்றி எழுதக் கூடாது என்பது அது. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். பழைய அலுவலகத்திலிருந்து எடுத்து வந்த நகல்கள் பீரோவில் இருந்தால், அவற்றை வைத்து ஒரு வரிகூட எழுதாதீர்கள். விஷயம் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தாலும், அதே காகிதத்தைத் தகவல் சட்டப்படி முறையாகக் கேட்டு வாங்கிய பிறகு எழுதுங்கள். அடுத்தது, ஓய்வுக்குப் பிறகும் உங்கள் மீது துறை நடவடிக்கை தொடங்க வழி இருக்கிறது. அரசின் அனுமதி வேண்டும், சம்பவம் நான்கு ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். எட்டு மாதம்தானே ஆகிறது உங்களுக்கு. உங்கள் கையெழுத்து உள்ள கோப்புகளை நீங்களே கிளறி, பழைய அலுவலகத்தோடு முதல் சண்டையைத் தொடங்காதீர்கள். பயந்து சொல்லவில்லை. பழைய மேலதிகாரி மீதிருக்கும் கோபத்தையும் பொதுநலத்தையும் முதல் இரண்டு ஆண்டுகளில் நம்மாலேயே பிரித்துப் பார்க்க முடியாது. நான் பார்த்தவரை இந்த வேலையைச் சீக்கிரம் விட்டவர்களில் பாதிப்பேர் அப்படித் தொடங்கியவர்கள்.

ஓய்வூதியத்தைவிட அவதூறு பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும், அதைக் கேட்கவே இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு. இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது சமூக சேவை. குற்றவியல் அவதூறு செல்லும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "நான் எழுதியது உண்மை" என்பது மட்டும் காப்பாற்றாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், பொதுநன்மைக்காகவும் சொல்லியிருக்க வேண்டும். உரிமையியல் பக்கம் கொஞ்சம் தெம்பு தரும் தீர்ப்பு ஒன்று நம் மாநிலத்திலிருந்தே போனது. ஆட்டோ சங்கர் வழக்கு என்று எல்லோருக்கும் தெரிந்த 1994ஆம் ஆண்டின் ராஜகோபால் வழக்கு. அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. அதிகாரி தன் கடமை சார்ந்த செயலுக்காக நட்டஈடு கேட்டால், எழுதியவர் உண்மையா பொய்யா என்று பார்க்காமல் கண்மூடித்தனமாக எழுதினார் என்று காட்ட வேண்டும். பொது ஆவணத்தில் இருப்பதை எடுத்து எழுதலாம். இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. ஆளைப் பற்றி எழுத மாட்டேன், பதவியையும் காகிதத்தையும் பற்றி எழுதுவேன். "பொறியாளர் பணத்தைத் தின்றுவிட்டார்" என்பது அவதூறு. "அளவுப் புத்தகத்தின் இந்தப் பக்கத்தில் இத்தனை மீட்டர் என்று இருக்கிறது, தரையில் இத்தனைதான் இருக்கிறது" என்பது கேள்வி. (முடிந்த வேலையை அளந்து எழுதி, பணம் கொடுக்க ஆதாரமாக வைக்கும் பதிவேடுதான் அளவுப் புத்தகம்.) அதிலும் சறுக்கலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, நாற்காலிக்கு வருவோம். ஓய்வு பெற்ற ஆறாவது மாதம் ஓர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனேன். ஓராண்டுக்கு முன் அதே மாதிரி அலுவலகத்துக்குத் தணிக்கைக்குப் போனால் மேஜையைத் துடைத்து வைத்து "மேடம்" என்பார்கள். அன்று கவுண்டரில் இருந்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பாட்டி, வரிசையில வாங்க" என்றான். அவன்மேல் தப்பே இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். நான் பழைய அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "நான் யார் தெரியுமா" என்று ஒருமுறையாவது சொல்லாத ஓய்வு பெற்ற அதிகாரியை நான் பார்த்ததில்லை; அதைச் சொன்ன நிமிடமே எதிரில் இருப்பவர் முகம் மூடிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். எனவே, நீங்கள் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கொஞ்ச காலத்துக்கு. உங்களிடம் மிச்சம் இருப்பது வேறு. ஒரு கோப்பு எந்த மேஜையில் பிறந்து எந்த மேஜையில் தூங்கும், எந்தக் காகிதம் இல்லாமல் எந்தக் காகிதம் பிறக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்காகக் குரல் கொடுக்கும் இளைஞர்களுக்கு வேகம் இருக்கிறது, கூட்டம் சேர்க்கத் தெரிகிறது. எந்தப் பதிவேட்டைக் கேட்பது என்று தெரியாமல் அவர்கள் திணறுவதைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். நமக்கு அது சும்மா வருகிறது.

அந்த அறிவு வெறும் மனுவில் செலவழிந்து போகக் கூடாது. என் முதல் மனு நான்கு பக்கம், அதில் 11 கோரிக்கைகள். குப்பை, தெருவிளக்கு, நாய், பேருந்து நிறுத்தம், நூலகம், எல்லாம் இருந்தன. 11 கோரிக்கை உள்ள மனு எந்தப் பிரிவுக்குப் போகும்? எந்தப் பிரிவுக்கும் போகாது. 30 ஆண்டுகள் அலுவலகத்தில் இருந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தபோது தெரிந்தது, இந்தப் பக்கம் வந்ததும் மறந்துவிட்டது. இப்போது ஒரு மனுவில் ஒரு விஷயம், ஒரு அலுவலர், ஒரு கோரிக்கை, ஒரு பக்கம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்புக் கூட்டத்தில் கொடுத்தாலும் சரி, முதல்வர் உதவி மைய எண்ணான 1100இல் பதிந்தாலும் சரி, ஒப்புகைச் சீட்டின் எண் இல்லாமல் திரும்புவதில்லை. மனுவுக்கு வரும் பதில் பெரும்பாலும் "உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்றுதான் இருக்கும். அதற்குக் கோபப்பட வேண்டாம். அந்தக் கடிதத்தில் ஒரு நடப்புக் கோப்பு எண் இருக்கும். அடுத்த படி அந்த எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறது.

அடுத்த படி தகவல் உரிமைச் சட்டம், 2005. இந்தியாவில் முதலில் இப்படி ஒரு சட்டம் போட்ட மாநிலம் 1997இல் தமிழ்நாடுதான் என்பது பலருக்கு நினைவில்லை. விதிவிலக்குகள் நிறைந்த, பல் இல்லாத சட்டம் அது. 2005ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பல் இருக்கிறது, ஆனால் கடிக்க வைப்பது நாம் கேட்கும் விதத்தில் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு "ஏன்" என்று கேட்பது. "தொட்டி ஏன் திறக்கப்படவில்லை?" என்று கேட்டால், மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவைத்தான் தர வேண்டும், புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே காகிதத்தைக் கேளுங்கள். தொட்டி என்றால் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதியோடு கூடிய மதிப்பீடு, பணி ஆணை, நாம் எம் புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பட்டியல்கள், பணி முடிவுச் சான்று. இவை ஒவ்வொன்றும் இருந்தே ஆக வேண்டிய காகிதம். "இல்லை" என்று பதில் வந்தால் அந்தப் பதிலே ஒரு தணிக்கைத் தடைக்குச் சமம்.

கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை; அதைக் கேட்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. தவறான அலுவலகத்துக்குப் போட்டிருந்தால் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். 30 நாளுக்குள் பதில். அதைத் தாண்டினால் நகல் இலவசம். பதில் வராவிட்டாலோ, வந்தது போதாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும், அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அலுவலருக்கு ஆணையம் அபராதம் போட வேண்டும். போட வேண்டும் என்பதுதான் சட்டம், ஆனால் எல்லா வழக்கிலும் போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது மேல்முறையீடு விசாரணைக்கு வர மாதங்கள் ஓடும், சில சமயம் ஆண்டே ஓடிவிடும். நான் முதல் மேல்முறையீட்டைத்தான் அதிகம் நம்புகிறேன். முதல் மனு கீழே இருக்கும் எழுத்தர் அளவில் நின்றிருக்கலாம், மேல்முறையீடு மேலே இருப்பவரின் மேஜைக்குப் போகும். பாதி விஷயம் அங்கேயே அசையும்.

நகல் வாங்குவதைவிட நான் விரும்புவது நேரில் பார்வையிடுவது. சட்டத்தின் 2(ஜே) பிரிவு ஆவணத்தையும் பணியையும் நேரில் பார்க்கும் உரிமையைத் தருகிறது. முதல் மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கோப்பைக் கையில் வாங்கிப் புரட்டும்போது குறிப்புப் பக்கத்தில் யார் என்ன எழுதினார்கள், எத்தனை நாள் எங்கே நின்றது என்று உங்களைப் போன்ற கண்காணிப்பாளருக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். வெளியாளுக்கு ஒரு நாள் ஆகும். இன்னொன்று, தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது இப்போது சுலபமாகிவிட்டது. தனிநபர் தகவலுக்கு விலக்கு தரும் தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மாற்றிவிட்டது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே பொதுநலன் என்ற வாசல் இருந்தது. இப்போது எல்லா விலக்குகளுக்கும் பொதுவான 8(2) பிரிவின் வழியாகத்தான் பொதுநலனைக் காட்டி வாதாட வேண்டும். அதனால் மனுவில் யாருடைய பெயரையும் எழுதாமல் "அப்போதிருந்த உதவிப் பொறியாளர்" என்று பதவியை எழுதிக் கேட்பது நல்லது.

இப்போது சறுக்கிய கதை. எங்கள் பகுதியில் ஒரு மழைநீர் வடிகால். அளவுப் புத்தகத்தில் 140 மீட்டர். நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் டேப்பைப் பிடித்து அளந்தோம், 96 மீட்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. தணிக்கையில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு சுத்தமாக ஒன்று சிக்கியதில்லை. அன்று இரவே கட்டுரை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். மறுநாள் பணி ஆணையை மறுபடி படித்தபோதுதான் இரண்டாவது பக்கத்தில் "மற்றும் குறுக்குத் தெரு" என்று இருந்தது. போய் அளந்தேன், 44 மீட்டர். ஆசிரியர் குழுவில் ஒருவரைப் போனில் பிடித்துக் கட்டுரையை நிறுத்தச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அதிக வெட்கமாக இருந்தது. உண்மையான கோளாறு அதே கோப்பில் வேறு இடத்தில் இருந்தது. வடிகாலைப் பெரிய கால்வாயோடு இணைக்கும் வேலை மதிப்பீட்டில் தனி இனமாக உண்டு, அளவுப் புத்தகத்தில் அந்த இனமே இல்லை. அதாவது பணமும் கொடுக்கவில்லை, வேலையும் செய்யவில்லை. தண்ணீர் போக வழியில்லாத ஒரு வடிகால். திருட்டைத் தேடிப்போனவளுக்கு மறதி கிடைத்தது. அதைப் பற்றி எழுதினேன், வெளிவந்தது, 14 மாதம் கழித்து இணைத்தார்கள். என் கட்டுரையாலா, அந்த ஆண்டு பெய்த மழையாலா, வரப்போன தேர்தலாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த வேலையில் எப்போதுமே முடியாது. காகிதம் கிடைக்கும் என்பதை என்னால் ஏறக்குறைய உறுதியாகச் சொல்ல முடியும். தொட்டியில் தண்ணீர் ஏறும் என்று சொன்னால் பொய்.

இதை நம்மைப் போன்ற ஓய்வூதியர்கள் செய்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன், நாம் எல்லோருமே அதன் பயனாளிகள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எச்.டி. ஷோரி 1980இல் டெல்லியில் காமன் காஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1979 மார்ச் 31ஆம் தேதியன்றோ அதற்குப் பின்னோ ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு மட்டும் கூடுதல் ஓய்வூதியக் கணக்கு, அதற்கு முன் போனவர்களுக்குப் பழைய கணக்கு என்று அரசு பிரித்தது. ஓய்வு பெற்ற டி.எஸ். நகாரா என்ற அதிகாரியும் காமன் காஸும் சேர்ந்து போட்ட வழக்கில், 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினை செல்லாது என்றது, ஓய்வூதியம் பிச்சை இல்லை என்றது. ஓய்வூதியர் தினம் அந்தத் தேதியில் வருவது இதனால்தான். அதே அமைப்பு தேர்தல் பத்திர வழக்கிலும் மனுதாரர்களில் ஒன்று. 2024 பிப்ரவரி 15 அன்று அந்தத் திட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. கடற்படையில் கமடோராக இருந்து ஓய்வு பெற்ற லோகேஷ் பத்ரா அதே விஷயத்தில் தகவல் மனு மேல் மனு போட்டு ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். இவர்களைப் போல ஆக வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, அது நம் கையில் இல்லை. இவர்கள் செய்ததில் நாமும் செய்யக்கூடியது, ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே பல ஆண்டுகள் நிற்பது. வழக்கு மட்டும் கடைசி வழி. ஆதாரம் இல்லாத பொதுநல மனுக்களுக்கு நீதிமன்றங்கள் செலவுத் தொகை விதிக்கின்றன, 2010இல் உச்ச நீதிமன்றம் அதற்கு நெறிமுறையே வகுத்தது.

எழுத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியையே இரண்டு முறை படித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள், அதில் "மேற்படி" என்ற சொல் நான்கு இடத்தில் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அலுவலகத் தமிழில் செய்தவர் காணாமல் போய்விடுவார். "பொதுமக்கள் நலன் கருதி உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது." யார் யாரைக் கேட்கிறார்? 30 ஆண்டுகள் யார் மீதும் பழி விழாதபடி எழுதப் பழகிய கை அது. "தொட்டி கட்டி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஏறவில்லை" என்று எழுதிப் பழக எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். அந்த ஒன்றரை ஆண்டும் நான் எழுதியது ஆசிரியருக்குக் கடிதங்கள் மட்டுமே. அதுதான் நல்ல பள்ளிக்கூடம். 100, 150 சொல்லுக்குள் ஒரு விஷயம். செய்தி வந்த அன்றே அனுப்ப வேண்டும், மூன்றாம் நாள் அனுப்பினால் குப்பைக்குப் போகும். பத்துக்கு ஒன்று வந்தால் நல்ல கணக்கு.

கட்டுரை என்பது கடிதத்தை நீட்டுவது இல்லை. ஆசிரியர் குழுவில் இருப்பவர் பார்ப்பது, இதை ஏன் இந்த ஆள் எழுத வேண்டும், ஏன் இந்த வாரம் வர வேண்டும் என்ற இரண்டைத்தான். "ஊழல் ஒழிய வேண்டும்" என்று எழுத நீங்கள் தேவையில்லை, நாடே எழுதுகிறது. பணி முடிவுச் சான்று கொடுத்த பிறகும் ஒரு தொட்டி எப்படித் திறக்கப்படாமலே கிடக்கலாம், அந்த இடைவெளியில் எந்த அலுவலருக்கு எந்தக் கடமையும் இல்லாமல் போவது எப்படி என்று எழுத உங்களைப் போன்ற ஒருவர் வேண்டும். உள்ளே இருந்தவருக்கு மட்டுமே தெரிந்த நடைமுறையை வெளியே இருப்பவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள், மீதி தானாக வரும். "எங்கள் காலத்தில்" என்று தொடங்கும் பத்தியை எழுதுங்கள், எழுதாமல் இருக்க முடியாது, பிறகு அடித்துவிடுங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். பதில் வராது, அதை மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம், இரண்டு வாரம் பார்த்துவிட்டு வேறு இடத்துக்கு அனுப்புங்கள். பணம் எதிர்பார்க்காதீர்கள். ஓய்வூதியத் திட்டம் பற்றி எழுதினால் நீங்களே அதை வாங்குகிறீர்கள் என்பதைக் கட்டுரைக்குள் சொல்லிவிடுங்கள், வாசகர் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே சொல்வது மரியாதை. வாட்ஸப்பில் வந்த எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் எடுத்து எழுதாதீர்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கூட்டங்களையும் விட வேண்டாம். கிராமம் என்றால் கிராம சபை, ஆண்டுக்கு ஆறு நாள்: குடியரசு தினம், மார்ச் 22, மே 1, சுதந்திர தினம், அக்டோபர் 2, நவம்பர் 1. நகரப் பகுதிகளில் வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கின. அங்கே நீளமாகப் பேசுவதைவிட, நீங்கள் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்ப்பது முக்கியம். அடுத்த மாதம் அந்தத் தீர்மான நகலைத் தகவல் சட்டத்தில் கேட்கலாம்.

உங்கள் மகன் "சும்மா இருங்கள் அப்பா" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பயத்தில் பாதி நியாயமானது. தகவல் கேட்டவர்கள் தாக்கப்பட்டதும் கொல்லப்பட்டதும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. மணல், நில ஆக்கிரமிப்பு மாதிரிப் பணம் புழங்கும் விஷயத்தில் தனியாக இறங்காதீர்கள், நான்கைந்து பேர் தனித்தனியாக மனுப் போட்டால் ஒருவர் மட்டும் இலக்காக மாட்டார். தெருவில் உள்ளவர்கள் தங்கள் சொந்தப் பட்டா விவகாரத்தையெல்லாம் உங்கள் வாசலுக்குக் கொண்டுவருவார்கள். எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுங்கள், அவர்களுக்காக நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள், போக்குவரத்துச் செலவு என்றுகூடப் பணம் வாங்காதீர்கள். மனு போட்டுவிட்டுப் பேரம் பேசுகிற கூட்டம் ஒன்றும் இருக்கிறது; அலுவலகத்தில் உங்களையும் முதலில் அந்தக் கணக்கில்தான் வைப்பார்கள். அந்தச் சந்தேகம் போக எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. இப்போது அதே கவுண்டரில் என்னைப் பார்த்தால் "மேடம் வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் போகிறது. அது மரியாதையா அலுப்பா என்று நான் விசாரிப்பதில்லை.

மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு தொட்டியை மட்டும் எடுங்கள். மேலே சொன்ன ஆறு காகிதங்களோடு மின் இணைப்புக்குப் பேரூராட்சி விண்ணப்பித்த கடிதத்தின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். என் அனுபவத்தில் ஓடாத தொட்டிகளில் நிறைய மோட்டாருக்கு மின்சாரம் வராமல் நிற்பவைதான், அந்தக் கடிதமே போயிருக்காது. எம் புக் நகல் வந்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். அளந்த தேதி, மேலதிகாரி சரிபார்த்த தேதி, பட்டியல் பாஸான தேதி மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். வரிசை எங்கே உதைக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், மீதியை அப்போது பேசலாம்.